நான் கழற்றிப் பார்த்த நட்டு

கதிர்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்தக்கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு சோழவந்தானுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். உன் மாமனார் வாங்கிக் கொடுத்த அலாய் வீல்களை நான் என் கையால் மாட்டிக் கொடுக்க வேண்டும், அதற்கடுத்த வாரம் நீயும் பவித்ராவும் அதே வண்டியில் ஓசூருக்குக் குடி போக வேண்டும் என்பது ஏற்பாடு. நீ வருவதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதி, தெரிந்த கண்டக்டர் கையில் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் நான் பேச ஆரம்பித்தால் நீ எழுந்து நின்றுவிடுவாய். எழுந்து நிற்கிற பிள்ளையிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. உட்கார்ந்து படி.

உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. அவர் வாடிப்பட்டியில் பெயிண்டுக் கடை வைத்திருப்பதும், சொந்த வீடு வாசல் இருப்பதும் என்னை ஒன்றும் செய்யவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் நானும் உன் அம்மாவும் உன் வீட்டுக்கு வந்தோமே, அன்று தொடங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. நீயும் அவரும் டிவி முன்னால் ஒரே சோபாவில் கிடந்தீர்கள். உன் கால் அவர் பக்கத்தில் நீட்டியிருந்தது. அவர் என்னவோ சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் காலை மடக்கி, சட்டையை இழுத்துவிட்டு எழுந்து நின்று, "வாங்கப்பா" என்றாய். அது மரியாதை என்று இத்தனை வருஷம் நினைத்துப் பெருமைப்பட்டவன் நான். அன்றைக்கு அந்த மரியாதை எனக்குக் கசந்தது. என் பிள்ளை அப்படி வாய்விட்டுச் சிரிப்பான் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அதற்குக் காரணம் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். நீ பதினொன்றாவது படிக்கும்போது, டூஷனுக்குப் போய்விட்டு வருகிற வழியில் மொபெட் பஞ்சராகி, பேட்டைத் தெரு முக்கில் வைத்துச் சக்கரத்தை நீயே கழற்றிக்கொண்டிருந்தாய். உன் சிநேகிதர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். பஸ் டெப்போவில் டயர் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவனின் மகன் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருகுகிறானே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளு, நீ தொட்டா எதுவும் வெளங்காது" என்றேன். அதற்குப் பிறகு வண்டி சம்பந்தமாக நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. உன் முப்பதாவது வயதில் வாடிப்பட்டி மைதானத்தில் உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து உனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். இருபது தடவை என்ஜினை அணையவிட்டாயாம், அவர் ஒருதடவைகூட முகம் சுளிக்கவில்லையாம். இதைப் பவித்ரா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

நீ அந்தப் பழைய காரை வாங்கியபோதும் அவரைத்தான் கூட்டிப் போனாய். உன் பிறந்தநாளுக்கு அவர் மதுரையில் ஒரு கடையில் இரும்பு வீல்களைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சோழவந்தான் வந்தீர்கள். வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் என் கண் சக்கரத்துக்குத்தான் போனது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நட்டுகள் பழையவை. இரும்பு வீலோடு வந்த அதே நட்டுகளை அதில் போட்டு முறுக்கியிருந்தார்கள். மத்தியானம் நீங்கள் சாப்பிட்டுவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, காற்று வாங்குவது மாதிரி நான் வெளியே வந்தேன். உன் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, முன்பக்க இடது சக்கரத்தில் ஒரே ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தேன்.

அந்த நட்டின் அடிப்பாகம் உருண்டை. பழைய இரும்பு வீலின் குழியும் உருண்டை, அதில் அது பதிந்து உட்காரும். புது வீலின் குழி கூம்பு. கூம்புக்குள் உருண்டையைப் போட்டு முறுக்கினால் ஒரு நூல் அளவுக்குத்தான் இரண்டும் தொடும். அந்த நூல் தடம் நட்டில் பளபளவென்று தெரிந்தது. நடு மூடியையும் தட்டி எடுத்துப் பார்த்தேன். ஹப் என்று சொல்கிறோமே, சக்கரம் போய் உட்காருகிற நடுக்குமிழ், அதற்கும் வீலின் நடுத்துளைக்கும் இடையில் ஒரு பென்சிலைச் சொருகலாம். கடையில் விற்கிற வீல்கள் பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகத்தான் செய்வார்கள். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். போடவில்லை. ஆக, அந்தச் சக்கரம் நடுவைப் பிடித்து உட்காரவே இல்லை, நூல் அளவு தொட்டுக்கொண்டிருக்கிற நாலு நட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் வரும், ஆட ஆட நட்டு தளரும், தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நட்டைத் திரும்பப் போட்டு முறுக்கினேன். மூடியை அழுத்தினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உன் அம்மா காப்பி கொடுத்தாள். அப்போது உன் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார், உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

"வீலைப் பாத்தீங்களா சம்பந்தி? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

நான், "அம்சமா இருக்கு" என்றேன்.

இதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. தெரியாமல் இல்லை. மறந்து போகவும் இல்லை. அந்த மனுஷன் வாய் திறந்து கேட்டார், நான் தெரிந்தே மறைத்தேன். என் கணக்கு என்னவென்றால், வண்டி கொஞ்ச நாள் ஆடும். அவர் வாங்கிக் கொடுத்தது ஆடும். அவருக்குச் சரிசெய்யத் தெரியாது. அப்போது நீ என்னிடம் வருவாய், நான் ஸ்பேனரோடு உட்காருவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். அதற்காகக் காத்திருந்தேன். சக்கரம் கழன்று போகுமளவுக்கு விடமாட்டேன், அதற்குள் நீ வந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெப்போவில் ஒரு நட்டு தளர்ந்திருந்தால்கூட பஸ்ஸை வெளியே விடாதவன் நான். என் பிள்ளையின் வண்டியைத் தெருவுக்கு விட்டேன்.

எண்பதில் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று நீ உன் மாமாவிடம்தான் சொன்னாய். அவர் பேலன்சிங் பார்க்கக் கொண்டுபோனார். உன் அம்மா வந்து இதை என்னிடம் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் அதில் சரியாகாது என்று எனக்குத் தெரியும். பேலன்சிங் மிஷின் வீலைத் தன்னுடைய கூம்பில் வைத்து நடுவாகப் பிடித்துச் சுற்றும், அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் காட்டும். காரில் மாட்டும்போதுதான் நடு தவறும். மறுபடி நடுங்கியது, மறுபடி அவர் கொண்டுபோனார். நீ மட்டும் என்னிடம் வரவேயில்லை. ஒரு மாசத்துக்கு மேல் ஓடிவிட்டது. உன் அம்மாவிடம் நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்பேன். "அப்பாகிட்ட குடும்மா" என்று நீ சொல்லவில்லை. எனக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது.

அப்புறம் அந்த முகூர்த்த நாள். வாடிப்பட்டியில் உன் மாமா வீட்டு உறவில் கல்யாணம். உனக்குக் கல்லூரியில் பரீட்சை வேலை, மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும் என்றாய். மாமா உன் வண்டியில் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு சோழவந்தான் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். நான் முன்னால் அவர் பக்கத்தில். பின்னால் உன் அம்மாவும் பவித்ராவும். ஏறும்போதே என் கண் அந்த இடது சக்கரத்தைப் பார்த்தது. ஒரு நிமிஷம் குனிந்திருந்தால் போதும். வெள்ளை வேட்டியில் குனிவதா என்று எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. இப்போது சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

ரயில்வே கேட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருப்போம். ரோட்டோரம் வாழைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு வரும். அதில் திரும்பும்போது என் காலடியில் டிக் என்று ஒரு சத்தம். நேரானதும் நின்றது. அடுத்த திருப்பத்தில் டிக், டிக் என்று சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு வந்தது. பின்னால் உன் அம்மா பவித்ராவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. லாரி கடந்ததும்தான் சொன்னேன், கதிர்.

"சம்பந்தி, பிரேக்க அமுக்காதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, அப்படியே ஓரமா விடுங்க. ஸ்டீயரிங்க ஒடிக்காதீங்க."

ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. நான் சொன்னபடி செய்தார். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. இறங்கிப் பார்த்தேன். நாலு நட்டில் ஒன்று இல்லை. இரண்டு, விரலால் தொட்டாலே சுற்றின. மிச்சமிருந்த ஒன்றில் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற கம்பி, வளைந்து போயிருந்தது, அந்த ஒன்றில்தான் நாங்கள் நாலு பேரும் வந்திருக்கிறோம். வீலின் துளைகள் அடிபட்டு நீண்டு கிடந்தன. உன் மாமாவும் வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பவித்ராவிடமும் உன் அம்மாவிடமும் திரும்பி, "சம்பந்தி காதுதான் இன்னைக்கு நம்மளக் காப்பாத்துச்சு" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்த மண்டபத்தில் அவர் பந்திக்குப் பந்தி இந்தக் கதையைச் சொன்னார். முன்னே பின்னே தெரியாதவர்களெல்லாம் வந்து என் கையைக் குலுக்கினார்கள். நீ ஒத்தக்கடையிலிருந்து பைக்கில் ஓடிவந்தாய். வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்தாய். நீ என்னைக் கட்டிப் பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. அப்புறம் உன் மாமா பக்கம் திரும்பினாய். "எவன் கடையிலயோ விசாரிக்காம மாட்டிட்டு வந்துட்டீங்களே மாமா. இம்புட்டுதானா உங்க பொறுப்பு?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மாப்ள" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளது உள்ளபடி சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு ருசித்த மாதிரி எனக்கு எந்தச் சாப்பாடும் ருசித்ததில்லை. மூன்று உயிரை என் கண் முன்னால் வைத்து விளையாடிவிட்டு, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டட்களை மாற்றி, பழைய இரும்பு வீல்களையே மாட்டினீர்கள். "இனிமே வண்டி விஷயமெல்லாம் அப்பாதான்" என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். இன்ஷூரன்ஸ் தொடங்கி ஆயில் மாற்றுவதுவரை என்னைக் கேட்டாய். உன் மாமா உன் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று பவித்ரா உன் அம்மாவிடம் வருத்தப்பட்டாள். நான் இழந்த இடத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நீ என் முன்னால் இன்னும் எழுந்துதான் நின்றாய். அவரோடு நீ சிரித்த சிரிப்பு எனக்கு வரவில்லை. அவருக்கும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

உனக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும், அந்த அலாய் வீல்களை முறையாக மாட்டித் தரும்படி என்னைக் கேட்டாய். அவற்றை எடுத்துவரப் புதன்கிழமை பஸ் ஏறி வாடிப்பட்டிக்குப் போனேன். உன் மாமா கடையின் பின்பக்கம் நாலு வீலையும் துடைத்து வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார். துளை கெட்டுப்போன வீலுக்குப் பதிலாக அதே அச்சில் ஒன்று தேடி வாங்கி வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுத்தபடி கூம்பு நட்டுகளையும், நடுவளையங்களையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியிருந்தார். எல்லாவற்றையும் காட்டிவிட்டு என்னிடம் கேட்டார். "ஞாயித்துக்கிழமை நீங்க மாட்டுறப்ப நானும் வந்து பாக்கட்டுமா சம்பந்தி? ஒரு தடவ பாத்தா தெரிஞ்சுக்கிருவேன். மறுபடி ஒரு தப்பு நடந்துரக் கூடாதுல்ல."

அதைக் கேட்டதும் அங்கேயே சொல்லிவிட்டேன். நட்டைக் கழற்றிப் பார்த்தது, மூடியைத் தட்டிப் பார்த்தது, அவர் கேட்டபோது அம்சமாக இருக்கிறது என்றது, எல்லாவற்றையும். ஏன் என்றும் சொன்னேன். உங்கள்மேல் பொறாமை என்று சொன்னேன். அவர் ஒரு பெயிண்டு டப்பாவின் மேல் உட்கார்ந்தார். சிரிக்காத முகமாக அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. "என் புள்ளயும் அந்த வண்டியில இருந்துச்சு சம்பந்தி" என்றார். பிறகு எழுந்து, நாலு வீலையும் ஒவ்வொன்றாக அவரே தூக்கி ஆட்டோவில் வைத்தார். என்னைத் தொடவிடவில்லை. ஆட்டோ கிளம்பும்போது பக்கத்தில் வந்து, "மாப்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். நான் மாட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வேறு யாரிடம் கொடுத்தாலும் சரி, நானே மாட்டினாலும் சரி, யாரையும் நம்பாதே. என்னையும் நம்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து பார். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் வீலை ஏற்ற வேண்டும், துருவின் மேல் உட்கார்ந்த வீல் துரு உதிர்ந்ததும் தளரும். வளையம் போட்ட வீலை ஹப்பில் ஏற்றினால், நட்டே இல்லாமல் அது அசையாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கினால்கூட வளையம் தப்பு. நட்டை முதலில் கையால் சுற்று. இறுகுவதற்கு முன்னால் ஏழெட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றால் அதை மாட்டாதே. ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே இருப்பதை முறுக்க வேண்டும், வரிசையாகப் போனால் வீல் ஒரு பக்கமாகச் சாயும். வண்டியை இறக்கிய பிறகு, அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குத்தான் கடைசி முறுக்கு. ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம், அதில் ஸ்டட் நீண்டுவிடும். டயரில் போட்டிருக்கிற பாரத்தின் எண் பழைய டயரின் எண்ணைவிடக் குறையக் கூடாது. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார், டயர் எங்கேயாவது உரசினால் அந்த வீல் உன் வண்டிக்கு ஆகாது.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு, சூடு ஆறவிட்டு, எல்லா நட்டையும் அதே ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும். ஓசூர் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடவை. இதைப் பவித்ராவுக்கும் சொல்லிக் கொடு, அவளும் அந்த வண்டியை ஓட்டப்போகிறவள். பழைய உருண்டை நட்டுகளில் நாலை ஒரு துணிப்பையில் கட்டி டிக்கியிலேயே வைத்துக்கொள். உன் ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான். வழியில் பஞ்சராகி அதை மாட்டினால் அதற்கு அந்த நட்டுதான் பொருந்தும், புது நட்டு பொருந்தாது. ஸ்டீயரிங் நடுங்கினால், பழகிப்போகும் என்று ஓட்டாதே. நிறுத்திப் பார். உனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கேள். தெரிந்தவன் எதையும் மறைக்காமல் சொல்வான் என்ற உன் நம்பிக்கையை நான் கெடுத்துவிட்டேன். அதனால் இரண்டு பேரிடம் கேள்.

பொறாமை போய்விட்டதா என்று என்னைக் கேட்டால், போகவில்லை. எழுபது வயதை நெருங்குகிறேன், இனிமேல் போகுமா என்று தெரியவில்லை. புதன்கிழமையிலிருந்து இன்றுவரை மூன்று நாள். உன் மாமா உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது, நேற்று நீ அம்மாவிடம் கலகலவென்று பேசியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் நீ கேட்ட கேள்விக்கு இன்றைக்கு அவரிடம் பதில் இருக்கிறது. அதை எடுத்து வீசினால் அவர் பழைய இடத்துக்கு அன்றைக்கே திரும்பிவிடலாம். அவர் அதைச் செய்யவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆட்டோ தெரு திரும்புவதற்குள் உனக்குச் சொல்லியிருப்பேன். அதையும் நினைத்து இங்கே உட்கார்ந்து பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வராவிட்டாலும் அம்மாவிடம் காரணம் கேட்க மாட்டேன், அவளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் செய். இதைப் படித்து முடித்ததும் முதலில் அவருக்குப் போன் போடு. அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. எனக்கு அப்புறம் போட்டால் போதும்.

அப்பா